கணக்குக் காட்டும் அறிவு



இந்த இதழிலிருந்து அறிவியலின் மெய்யியல் பற்றிய தொடர் ஒன்றைத் தொடங்குகிறோம். பெயரைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு செய்தி உண்மை என்று எப்படித் தெரியும்? எவ்வளவு சான்று கிடைத்தால் நம்பலாம்? நம்பியது தவறு என்று தெரிந்தால் என்ன செய்வது? இந்த மூன்றையும் அறிவியலைப் பார்த்துக் கேட்பதுதான் இந்தத் துறையின் வேலை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து “இந்த மருந்து கேக்குமா?” என்று தவிக்கும் தாயும் இதையேதான் கேட்கிறாள். அதனால் இந்தக் கேள்வியை நம் மாவட்டத்து மண்ணிலிருந்தே எடுத்துப் பேசலாம் என்று தோன்றியது.

உத்திரமேரூர்ப் பக்கம் திருமுக்கூடல் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அக்கரையில் பழைய சீவரம். பொங்கலை ஒட்டிப் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் வந்து போகும்போது ஆற்றுமணல் முழுக்கக் கூட்டமாக இருக்கும். திருமுக்கூடலில் உள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. கே.வி.சுப்பிரமணிய ஐயர் அதைப் படித்து ‘எபிகிராஃபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் வெளியிட்டார். கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் ‘வீரசோழன்’ என்ற ஆதுலர்சாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்ததை அது சொல்கிறது.

ஆதுலர்சாலைக்கான வரிகளைப் படித்தால் மனம் நெகிழ்கிறது. நோயாளிகள் 15 பேர் படுத்திருக்க இடம். ஒரு மருத்துவர். அறுவை செய்ய ஒருவர். மூலிகை பறித்துவர இருவர். மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இரவில் எரிய விளக்கு, அதற்கு எண்ணெய். நோயாளிக்கு இவ்வளவு அரிசி, வேலை செய்பவருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் வருகிறது. கடுக்காய் சேர்ந்த தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, வில்வம் சேர்ந்த நெய்மருந்து, ஆமணக்கெண்ணெய்த் தைலங்கள், கல்யாண லவணம், பலகாலம் வைத்துப் பழகிய நெய் என்று சுமார் இருபது பெயர்கள்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் ஆற்றங்கரையில் இத்தனை அக்கறை! பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கல்வெட்டு ஓர் அறக்கட்டளைக் கணக்கு. ஆகவே எதற்கு எவ்வளவு செலவு என்று சொல்கிறது. வந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், எந்த மருந்து யாருக்குக் கேட்டது, எது கேட்கவில்லை என்ற விவரம் அதில் கிடையாது. அப்படி எண்ணிப் பார்க்கும் வழக்கம் அன்று உலகத்தில் எங்குமே நிலைபெற்றிருக்கவில்லை. மருந்து கொடுத்த கணக்கிலிருந்து மருந்து கேட்ட கணக்குக்கு மனிதகுலம் வந்துசேர எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆயின. அந்தப் பயணம் ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பதைத்தான் இந்தத் தொடரில் பார்க்கப்போகிறோம்.

மருந்து ஏன் தன் கணக்கைத் தானே காட்டுவதில்லை? கஷாயம் குடித்தோம், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கஷாயத்தால் விட்டதா, தானாக விட்டதா? குடிக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அதே உடம்பில், அதே நாளில் பார்க்க வழியில்லை. சளி, சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவை பெரும்பாலும் தாமாகவே அடங்குபவை. அவை அடங்கும் நேரத்தில் கையில் எந்தக் கிண்ணம் இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. குணமானவர் ஊரெல்லாம் சொல்கிறார். குணமாகாதவர் வேறு வைத்தியரைத் தேடிப் போய்விடுகிறார். நம் காதுக்கு வருவது முதலாமவரின் குரல் மட்டுமே.

இந்தச் சிக்கலை முதலில் கண்டவர்கள் மேனாட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் தர்க்கத்துக்குப் பேர்போன ஊர். சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில் 29ஆம் காதையைப் பாருங்கள். கச்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்றுத்தருவது பௌத்தத் தர்க்கம். நேரில் கண்டு அறிவது ஒன்று, கண்டதை வைத்துக் கருதி அறிவது மற்றொன்று என்று அளவைகளை இரண்டாகப் பிரிக்கிறார். புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டு என்று சொல்வது இரண்டாவது வகை. எந்த இடத்தில் அந்த வாதம் வாதம்போலத் தோன்றி ஏமாற்றும் என்பதை ஏதுப்போலி முதலான வகைகளாகப் பிரித்து வரிசையாக அடுக்குகிறார். ஒரு காப்பியத்தின் நாயகிக்குத் துறவு பூணும் நேரத்தில் பிழையான வாதங்களை இனங்காணச் சொல்லிக்கொடுத்த மொழி நம்முடையது.

இதற்கும் மேலே ஒருபடி போனவர்கள், நேரில் கண்டதை மட்டுமே ஏற்ற உலகாயதர்கள். நூறு இடத்தில் புகையோடு நெருப்பைக் கண்டாய், சரி. நூற்றோராவது இடத்திலும் இருக்கும் என்று எதைவைத்துச் சொல்கிறாய் என்று மடக்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. எத்தனை முறை பார்த்தாலும் ‘எப்போதும் இப்படித்தான்’ என்ற முடிவுக்குக் கண்டவை மட்டும் போதாது. நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபினர் இதற்குச் சொன்ன பதில் இன்றைக்கும் பயன்படும். விறகு ஈரமாக இருந்தால்தான் நெருப்பு புகையும், பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்ததோடு நிற்காதே, நடுவில் ஒளிந்திருக்கும் மூன்றாவது காரணம் எது என்று தேடு என்றார்கள்.

அந்த ஒளிந்த காரணத்தைத் தேடும் வேலை எவ்வளவு பெரியது என்பதற்குச் சென்னையிலேயே உலகம் அறிந்த எடுத்துக்காட்டு உண்டு. காசநோய் வந்தால் சானடோரியத்துக்குப் போக வேண்டும், நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு இவை இருந்தால்தான் பிழைக்க முடியும் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியம் இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. ஆனால் இந்த நாட்டில் இருந்த காசநோயாளிகளுக்கெல்லாம் படுக்கை கொடுப்பது நடக்காத காரியம். மாத்திரையைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால் என்ன?

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்த வேலை. தலைமை ஏற்றவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலாகத் தீர்மானித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியாசிடும் பாஸும், ஓராண்டுக்கு.

ஏன் குலுக்கல்? மருத்துவரே பிரித்திருந்தால் மெலிந்தவரைச் சானடோரியத்துக்கும் கொஞ்சம் தெம்பாக இருப்பவரை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார். பிறகு வரும் வித்தியாசம் இடத்தால் வந்ததா, நோயின் கடுமையால் வந்ததா என்று சொல்லவே முடியாது. ஒளிந்திருக்கும் காரணம், நமக்குத் தெரிந்ததும் தெரியாததும், இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் போய் விழ வேண்டும் என்பதற்குத்தான் குலுக்கல்.

முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சாப்பாடும் இல்லை, அந்த ஓய்வும் இல்லை. இருந்தும் நோய் தேறியதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. கூடவே இருந்த வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சீராக மருந்து சாப்பிட்டதே காரியத்தை முடித்தது. உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு மாறியதில் சென்னையின் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அறிஞர்கள் பலர் பலகாலம் நம்பிய ஒன்று 193 பேரின் கணக்கில் மாறிப்போனது.

இனி இன்னும் நெருக்கமாக நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வருவோம். 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிவதற்கு முன் எல்லாம் ஒரே மாவட்டம். திருமுக்கூடலும் அதில்தான் இருந்தது.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை 1921இல் பிரான்சில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். சுதந்திர இந்தியாவில் அது நாடு தழுவிய இயக்கமானது. கிண்டியிலேயே அதைத் தயாரிக்கும் கூடம் இருந்தது. அப்போது எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் ராஜாஜி. இதன் பலன் உறுதியாகாத நிலையில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஏன் போட வேண்டும் என்று 1955இல் ஒரு சிறு நூலே எழுதினார். அவர் வாதங்கள் அத்தனையும் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘பலன் உறுதியானதா?’ என்பது கேட்கத்தக்க கேள்வி. ஏனென்றால் உலகத்துச் சான்றுகளே ஒன்றோடொன்று மோதின. பிரிட்டனில் 1950இல் தொடங்கிய ஆய்வு, ஐந்தில் நான்கு பங்கு பாதுகாப்பு என்றது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்த ஆய்வு மிகச் சொற்பம் என்றது.

கார்ல் பாப்பர் என்ற மெய்யியலாளரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். 1902இல் வியன்னாவில் பிறந்தவர். 1919இல் சூரிய கிரகணத்தின்போது வானியலாளர் எடிங்டன் முதலானோர் விண்மீன் ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்த செய்தி பதின்வயதுப் பாப்பரை உலுக்கியது. அளவு வேறாக வந்திருந்தால் கொள்கையே விழுந்திருக்கும். அப்படி விழுவதற்கு இடம்கொடுத்து நிற்பதுதான் அறிவியலின் அடையாளம் என்று 1934இல் வெளிவந்த நூலில் எழுதினார். எது நடந்தாலும் ‘பார், நான் சொன்னது சரி’ என்று சொல்லிக்கொள்ளும் கொள்கை எதையுமே சொல்லவில்லை என்பது அவர் கருத்து. ஆதரவுச் சான்று தேடினால் எதற்கும் கிடைக்கும். எந்தச் சான்று வந்தால் கைவிடுவாய் என்று கேட்டால்தான் கொள்கையின் தரம் தெரியும்.

அந்தக் கேள்விக்கு அஞ்சாமல் நின்ற ஆய்வு செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு. 1968இல் திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் ஊசி போடத் தொடங்கினார்கள், 1971வரை போட்டார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குகொண்டார்கள். சிலருக்குப் பி.சி.ஜி., சிலருக்கு வெறும் மருந்தற்ற ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்னால் யாருக்கு நோய் வந்தது என்று பார்ப்பவர் மனச்சாய்வு கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இப்படி. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஊசி பலன் தரும் என்ற எதிர்பார்ப்பு ஆய்வாளர்களுக்கு இருந்தது. அதைப் பொய்யாக்கக்கூடிய ஏற்பாட்டையும் அவர்களே செய்துவைத்தார்கள்.

1979இல் முதல் அறிக்கை வந்தது. நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுத்ததாகத் தெரியவில்லை. 15 ஆண்டு முடிவுகள் 1999இல் வெளியாயின. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, சிறுவர்களிடம் மட்டும் குறைந்த அளவில் காணப்பட்டது. எத்தனையோ நாடுகள் நம்பியிருந்த ஒரு திட்டத்துக்கு அடி விழும் செய்தி. மூடிவைக்காமல் அச்சில் போட்டார்கள். இந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வை நம் பள்ளிப் பாடநூல்களில் சேர்க்க வேண்டும் என்பேன்.

அப்படியானால் பி.சி.ஜி. பொய்த்துப்போனதா? இல்லை. பாப்பரின் பாடத்தோடு நின்றுவிட்டால் பாதிதான் கற்றதாகும். எந்தக் கருத்தும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, கூடவே பல துணைக் கருத்துகளும் வருகின்றன என்று பிரெஞ்சு அறிஞர் பியேர் தூஹெம் 1906இலேயே எழுதினார். முடிவு பொய்த்தால் அவற்றில் எது பொய் என்று சோதனை மட்டும் சொல்லாது. செங்கல்பட்டிலும் அதே நிலை. ஊசியே பலனற்றதா? நம் மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக்காரக் கிருமிகள் முன்பே உடம்புக்கு ஒருவகை எதிர்ப்பைக் கொடுத்துவிட்டதால் ஊசியின் கூடுதல் பலன் தெரியாமல் போனதா? திரும்பத் திரும்பத் தொற்றுவதை ஊசியால் தடுக்க முடியவில்லையா? விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் சின்னக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் கடும் வகையையும் பி.சி.ஜி. தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் உறுதியான சான்று உண்டு. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். தயவுசெய்து தவறாமல் போட்டுவிடுங்கள். ‘எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது’ என்ற எல்லைக்கோடு தெளிவானதுதான் செங்கல்பட்டின் கொடை.

அறிவியலுக்கு மனித முகமும் உண்டு. சான்று வந்த மறுநாளே எல்லாரும் மனம் மாறிவிடுவதில்லை. 1935 ஜனவரியில் லண்டனில் 24 வயதுச் சுப்பிரமணியன் சந்திரசேகர், ஒரு எல்லைக்கு மேல் கனமான விண்மீன்கள் வெண்குறுமீன்களாக அடங்க முடியாது என்று கணக்கோடு சொன்னார். அதே கூட்டத்தில் எழுந்து அதை அபத்தம் என்று ஒதுக்கியவர் எடிங்டன். ஐன்ஸ்டைனைச் சோதிக்கக் கிரகணம் பார்க்கப்போன அதே எடிங்டன்! சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983இல். பழகிய சட்டகத்தை விட்டு வெளியே வருவது அறிஞர் கூட்டத்துக்கும் எவ்வளவு கடினம் என்பதை அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டினார். இருந்தாலும் இறுதியில் வென்றது பதவியா, கணக்கா? கணக்குத்தான். தாமதமாக வென்றது, அவ்வளவே.

திருமுக்கூடலிலிருந்து உத்திரமேரூர் அதிகத் தொலைவில்லை. அங்கே பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளைப் பார்க்காதவர் ஒருமுறை போய்ப் பாருங்கள். 919இல் ஒரு விதி எழுதினார்கள், ஊர் வாரியத்துக்கு வருபவர் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே ஆண்டில், 921இல், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். முதல் விதியைக் கல்லில் வெட்டிவிட்டோமே என்று தயங்கவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கக்கூடாது என்றும் எழுதினார்கள். அறிவுக்கும் இதுவே தகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். கணக்குக் காட்ட வேண்டும், பிழை தெரிந்தால் விதியை மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற அறிவுதான் அறிவியல். வெள்ளைக் கோட்டோ, ஆங்கிலப் பெயரோ, பழைய ஓலையோ அந்தத் தகுதியைத் தந்துவிடாது.

அதனால் ‘நம் பாட்டி வைத்தியமெல்லாம் பொய்’ என்று துள்ள வேண்டியதும் இல்லை, ‘நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும்’ என்று மார்தட்ட வேண்டியதும் இல்லை. திருமுக்கூடல் பட்டியலில் உள்ள கடுக்காயையும் நேற்றைக்கு வந்த மாத்திரையையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து ஒரே கேள்வி கேட்போம். யாருக்குக் கொடுத்தீர்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா? எத்தனை பேர்? கேட்காதவர்களின் கணக்கு எங்கே? பதில் வந்தால் ஏற்போம். வரவில்லையென்றால் பொய் என்று முத்திரை குத்தாமல் ‘இன்னும் தெரியாது’ என்று எழுதிவைப்போம். ‘தெரியாது’ என்பதும் மரியாதையான பதில்தான்.

செங்கல்பட்டு ஆய்வுக்குக் கை நீட்டியவர்கள் நம் மாவட்டத்து விவசாயிகளும் கூலிக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும். எந்த ஊசி தங்களுக்கு வந்தது என்று தெரியாமலே பல ஆண்டுகள் பரிசோதனைக்கு வந்து நின்றார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. உலகத்துக்கு ஒரு உண்மையைக் கொடுத்தவர்கள் அவர்கள். இந்தத் தொடரை அவர்களுக்கே காணிக்கையாக்குகிறோம்.

வரும் இதழ்களில் ஹியூம், பாப்பர், கூன் ஆகியோரையும் லகதோஷ் என்ற இன்னொரு மெய்யியலாளரையும் ஒவ்வொருவராகச் சந்திப்போம். நியாய மரபையும் பௌத்தத் தர்க்கத்தையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது, அது விதி என்று எப்படித் தெரிந்தது என்பதையும் கூடவே சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒன்று. கைப்பேசியில் வந்த மருத்துவச் செய்தியை உறவினருக்கு அனுப்புவதற்கு முன் மேலே சொன்ன கேள்விகளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். அப்படித் தேடும்போது எழும் கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், அவற்றிலிருந்துதான் அடுத்த கட்டுரைகள் பிறக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்